சின்ன ஊர், 17 மீட்டர் மன்றம்: சைனாட்சலோ கட்டடத்தின் கதை

[காட்சி: ஏரி, பைன் மரங்கள், இடையே சிவப்புச் செங்கல் சுவர்]

பின்லாந்தின் நடுப்பகுதியில் பாய்யான்னே என்று ஒரு பெரிய ஏரி. அதில் ஒரு தீவு, சைனாட்சலோ. 1940களின் கடைசியில் இங்கே சுமார் 3,000 பேர்தான் இருந்தார்கள். மர ஆலையை நம்பிப் பிழைத்த ஊர். இதற்கு ஒரு நகர்மன்றக் கட்டடம் வேண்டும் என்று 1949-இல் போட்டி வைத்தார்கள். ஜெயித்தவர் ஆல்வர் ஆல்டோ, அப்போதே உலகம் அறிந்த ஆர்க்கிடெக்ட். கட்டுமான வேலையை அருகிலிருந்து மேற்பார்த்தவர் எலிஸ்ஸா மாகினியெமி. பின்னால் ஆல்டோவை மணந்தவர். 1952-இல் வேலை முடிந்தது.

வெளியே நின்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கடிகாரக் கோபுரமோ தூண் வரிசையோ கிடையாது. பெரும்பகுதி இரண்டே மாடி. அப்படியானால் ‘இது ஊரை ஆளும் இடம்’ என்ற கம்பீரம் எங்கிருந்து வந்தது? உள்ளே போகும் வழியிலிருந்து வந்தது என்றுதான் நான் சொல்வேன்.

[காட்சி: மேலிருந்து கட்டடம், நடுவில் சதுர முற்றம்]

மேலிருந்து பாருங்கள். மூன்று பக்கம் சுற்றி வரும் அலுவலகக் கட்டடம், நான்காவது பக்கம் தனியாக நூலகம், நடுவில் முற்றம். இந்த முற்றம் தரை மட்டத்தில் இல்லை, ஒரு மாடி உயரத்தில் இருக்கிறது. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணை வெளியே கொண்டுபோய்க் கொட்டாமல் நடுவிலேயே நிரப்பி மேடாக்கிவிட்டார்கள். அதனால் தெருப் பக்கம் இரண்டு மாடியாக நிற்கும் கட்டடம், முற்றத்துக்குள் வந்ததும் ஒரே மாடியாகத் தணிந்துவிடுகிறது.

முற்றத்துக்கு ஏற இரண்டு படிக்கட்டுகள். கிழக்குப் பக்கம் கருங்கல் படி, முறையான வழி. எதிர்ப்பக்கம் இருப்பதுதான் எல்லோரும் போட்டோ எடுப்பது: புல் படி. மண்ணைத் தாங்க ஓரத்தில் மரப்பலகை, மேலே புல், அவ்வளவுதான். கீழே அகலமாக, கொஞ்சம் தாறுமாறாக, இயற்கையான மேட்டுச் சரிவு போலவே இறங்குகிறது.

[காட்சி: செங்கல் சுவர், மிக அருகில்]

சரி, சுவருக்குக் கிட்டே வருவோம். பக்கவாட்டில் வெயில் விழும்போது கவனியுங்கள். சில கற்கள் ஒரு நூல் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும், சில உள்வாங்கியிருக்கும். கொத்தனாரின் கவனக்குறைவு இல்லை இது. நூல் பிடித்தாற்போல் வைக்காதே என்று ஆல்டோவே கேட்டு வாங்கியது. அந்தச் சின்னச் சின்ன நிழல்களால்தான் அவ்வளவு பெரிய வெறும் சுவரும் பார்க்க அலுப்பதில்லை.

கீழ்த்தளத்தின் கதை வேறு. அங்கே கடைகளுக்கு இடம் விட்டிருந்தார்கள். ஊர் வளர்ந்து அலுவலகம் போதாமல் போனால் அந்தக் கடைகளை எடுத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். நடந்தது நேர்மாறு. 1993-இல் சைனாட்சலோ பக்கத்து நகரமான யுவாஸ்குலாவோடு இணைந்தது. கட்டடம் இருக்கிறது, தனி நகராட்சி இல்லை.

[காட்சி: கதவுக் கைப்பிடி, பிறகு உள்ளே செங்கல் படிக்கட்டு]

உள்ளே நுழையும்போது கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். உலோகத்தின் மேல் தோல் சுற்றியிருக்கும். பின்லாந்துக் குளிரில் அதன் அருமை தெரியும். அப்புறம் மன்றக் கூடத்துக்கு ஏறும் படி. காலுக்குக் கீழே செங்கல், இரு பக்கமும் செங்கல், வெளிச்சம் மட்டும் உச்சியில் கூரையை ஒட்டிய ஜன்னல் வரிசையிலிருந்து வருகிறது. வெளியே பார்க்க வழியே இல்லை. கூடத்தை ஒட்டியே வளைந்து ஏறவேண்டும். மேலே கதவைத் திறந்ததும் காலடி மரத்தரையாக மாறுகிறது, தலைக்கு மேல் திடீரென்று உயரம் விரிகிறது.

இந்த உயரத்துக்கு ஒரு பிரபலமான கதை உண்டு. இவ்வளவு செங்கல், இவ்வளவு செலவு எதற்கு என்று மன்றத்தில் கேள்வி வந்தது. இத்தாலியின் சியெனா நகர்மன்றக் கூடம் 16 மீட்டர். நாம் 17 மீட்டர் கட்டுவோம் என்று ஆல்டோ பதில் சொன்னாராம். கேட்ட கேள்விக்கு இது பதிலே இல்லை. ஆனாலும் கட்டிவிட்டார்கள்!

[காட்சி: மன்றக் கூடத்தின் கூரை]

அந்தக் கூரையைத் தாங்குவது மரத்தால் ஆன இரண்டு சட்டகங்கள். பட்டாம்பூச்சிச் சட்டகம் என்று பெயர் வாங்கியவை. ஒரு புள்ளியிலிருந்து குடைக்கம்பிகள் மாதிரி நாலா பக்கமும் கட்டைகள் விரிந்து மேலே போகின்றன. மேல்கூரை, அதற்குக் கீழே இருக்கும் உள்கூரை இரண்டையும் இவையே தாங்குவதால் நடுநடுவே வேறு சட்டகங்கள் தேவைப்படவில்லை. இரண்டு கூரைகளுக்கும் இடையே காற்றோட்டம் கிடைக்கிறது. குளிர்காலத்தில் ஈரம் கோர்க்காது, கோடையில் சூடு தங்காது. காரணம் சொல்லிவிட்டேன். ஆனால் வெறும் பாரம் தாங்க இத்தனை அழகான வடிவம் தேவையில்லை. பாதி பொறியியல், பாதி ஆசை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.