அஞ்சு மாடியில பிழை இல்லை, முதல் 12 அடியிலதான்

வணக்கம் உறவுகளே. இண்டைக்கு யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில நிண்டு கதைக்கிறன். ரவுணுக்குள்ள புதுசா எழும்புற தொடர்மாடியள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. கீழ்த்தளம், அதுக்கு மேல நாலு மாடி, 55 அடி உயரம். "வெளிச்சம் போச்சு, ரவுண் அழிஞ்சுது" எண்டு கமெண்டில எழுதுற ஆக்களுக்காக முதல்ல நிழல் கணக்கைப் பார்ப்பம்.

இந்த வீதி வடக்கு தெற்கா ஓடுது. மதிலுக்கு மதில் 30 அடி எண்டு வையுங்கோ. மேற்குப் பக்கத்தில 55 அடிக் கட்டடம் நிண்டா, பங்குனியில பின்னேரம் ரண்டு மணி தாண்ட வீதி முழுக்க நிழல் விழுந்திடும். சைக்கிள்ல போற ஆளிட்டக் கேளுங்கோ, அது நட்டமோ லாபமோ எண்டு. குளிர் நாட்டுக்காரர் நிழலுக்குப் பயப்பிடுறது சரி, எங்களுக்கு அது புண்ணியம். ஆஸ்பத்திரி வீதி, ஸ்ரான்லி வீதி மாதிரி கிழக்கு மேற்கா ஓடுறதில கதை வேற. தெற்குப் பக்கக் கட்டடம் மார்கழி மத்தியானத்தில வடக்கால 36 அடிக்கு நிழல் போடும். ஆனியில வெயில் வடக்கால வாறபடியா, வடக்குப் பக்கக் கட்டடத்தின்ர நிழல் தெற்கால 13 அடிதான். சித்திரை வருசத்தோட வெயில் சரியா உச்சந்தலைக்கு மேல நிக்கும், அப்ப 55 அடிக் கட்டடமும் மத்தியானம் உங்களைக் காப்பாத்தாது. அந்த நேரம் கடை முகப்பில நீட்டின தட்டுத்தான் நிழல்.

அந்தத் தட்டுத்தான் இப்ப காணாமப் போகுது. இனி மேல பார்க்காதீங்கோ, உங்கட கண்மட்டத்தில, கீழ் 12 அடியில பாருங்கோ.

ரண்டு பரப்புக் காணி எண்டு வையுங்கோ, அதாவது 20 பேர்ச், 5,445 சதுர அடி. வீதிமுகம் 50 அடி எண்டா ஆழம் 109 அடி வரும். ஒரு கார் நிக்க 8 க்கு 16 அடி, திருப்பி எடுக்க 20 அடி ஓடுபாதை. ரண்டு பக்கமும் கார் விட 16, 20, 16, மொத்தம் 52 அடி வேணும். 50 அடியில, அதுவும் தூண், படி, லிஃப்ற் எல்லாம் போனாப் பிறகு, ஏலாது. அப்ப ஒரு பக்கம் மட்டும்தான், பத்துப் பதினொரு கார். மாடிக்கு நாலு எண்டா மேல 16 வீடு. மிச்சக் காருக்கு எங்க போறது? வீதிமுகத்தில. அப்பிடித்தான் முழுக் கீழ்த்தளமும் ஒரு கேற்றும் இருட்டுக் குகையுமா மாறுது. முந்தி அதே 50 அடியில மூண்டு கடை, ஒரு விறாந்தை இருந்திருக்கும்.

செய்யக்கூடியது இருக்கு. முன் 20 அடியைக் கடைக்கு விடுங்கோ, காரைப் பின்னால தள்ளுங்கோ, ஒரு ஓரத்தில 12 அடிப் பாதை. மூலைக் காணி எண்டா ஒழுங்கையாலயே கார் உள்ள போகட்டும். குறையிறது ரண்டு, மூண்டு கார். கடை வாடகை அதை விடக் கூட வரும், பில்டருக்கும் இது தெரியும். முகப்பில 5 அடி தட்டு நீட்டி, ஒரு குந்து கட்டினா, எங்கட பழைய சங்கடப்படலை செய்த வேலை அதுதான்: கூரை போட்ட படலை, வழியால போறவன் ஒதுங்கி இருக்க இடம்.

கமெராவை கீழ கொண்டு வாறன், நடைபாதையைப் பாருங்கோ. வெள்ளத்துக்குப் பயந்து கீழ்த்தளத்தை ரண்டு அடி உயர்த்துவினம். ஒண்டுக்கு எட்டு சரிவு எண்டா 16 அடி நீளம் வேணும். அதை காணிக்குள்ள விடாம எல்லைக்கு வெளிய இறக்கினா, சரிவு நடைபாதைக்கு மேலயும் மழைத்தண்ணி ஓடுற கானுக்கு மேலயும் வந்து குந்துது. பொல்லு ஊண்டி வாற அம்மா ஒராள் றோட்டுக்கு இறங்கித்தான் அதைக் கடக்க வேணும். கீழ கான். அதுக்கு மேல முழுசாக் கொங்கிறீற் ஊத்திப்போட்டா கழட்டித் துப்பரவாக்க ஏலாது. 3,000 சதுர அடிக் கூரையில 2 அங்குல மழை பெய்தா 14,000 லீற்றர். கான் அடைச்சா அந்தத் தண்ணி பக்கத்தில பதிஞ்சு கிடக்கிற பழைய கடைக்குள்ளதான் போகும். கழட்டக்கூடிய சிலாப் போடுறதுக்கு பெரிய செலவும் இல்லை, ஏன் செய்யினம் இல்லை எண்டு எனக்கு விளங்கேல்லை.

உயரம் கண்ணைக் குத்துது எண்டா அதுக்கும் வழி இருக்கு. 40 அடிக்கு மேல வாற மாடியை 10 அடி உள்ளுக்கு எடுத்தா, எதிர்ப்பக்கத்தில நிண்டு பார்க்கிற ஆளுக்கு அந்த ஒரு மாடியின்ர உச்சி மட்டும்தான் கொஞ்சம் தெரியும். பல்கனி 4 அடிக்குக் குறைஞ்சா ஆள் இருக்க மாட்டுது, உடுப்புக் கொடியும் ஏசி வெளிப்பெட்டியும்தான் இருக்கும். 16 வீட்டுக்கு ரண்டு ரண்டாப் பார்த்தா 32 பெட்டி. ஏசித் தண்ணிக் குழாயை கானுக்கு இறக்காம விட்டா, கீழ போற ஆளின்ர தலையிலதான் சொட்டும். நல்லது ஒண்டும் சொல்ல வேணும். கடை பூட்டினாப் பிறகு இருண்டு போற வீதிக்கு, முதல் மூண்டு மாடியில லைற் எரிஞ்சு ஆக்கள் எட்டிப் பார்த்தா அதுவே காவல்.

கடைசியா, ஒருத்தரும் வீடியோவில காட்டாதது. 16 வீடு, வீட்டுக்கு நாலு பேர், ஆளுக்கு 130 லீற்றர், நாளுக்கு 8,000 லீற்றருக்கு மேல தண்ணி. அஞ்சில நாலு பங்கு கழிவா வரும். ரவுணுக்குள்ள கழிவு கொண்டு போற நிலக்கீழ்க் குழாய் இல்லை. கீழ சுண்ணாம்புக்கல், வெடிப்பும் பொந்தும். குழியில விட்டது வடிபடாமலே கிணத்துத் தண்ணியோட சேரும். கிணத்துக்கும் மலக்குழிக்கும் 50 அடி விடச் சொல்றது அதுக்குத்தான், ரண்டு பரப்பில நாலு பக்கமும் அயல்கிணறு இருந்தா அந்த 50 அடியை எங்க தேடுறது? சுத்திகரிப்புத் தொட்டி கட்டாத இடத்தில குழி கெதியா நிரம்பும், பவுசர் வந்து நடைபாதையில ஏறி நிண்டு உறிஞ்சும், காலமை கடை திறக்கிற நேரத்தில மணம்.

வீடு வாங்கப் போறியள் எண்டா மாதிரி வீட்டின்ர சோபாவைப் பார்த்திட்டு வந்திடாதீங்கோ. கீழ்த்தளப் பிளானைக் கேளுங்கோ, வீதியும் கானும் நடைபாதையும் கீறின பிளான். கழிவுத்தொட்டி எங்க, அதின்ர காத்துக்குழாய் கூரைக்கு மேல போகுதோ, பவுசர் எதால உள்ள வரும் எண்டு விரலை வைச்சுக் காட்டச் சொல்லுங்கோ.