வீட்டுக் கணினிக்கு இரண்டு கதவு

நேயர்களுக்கு வணக்கம்.

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. ஆச்சி மட்டும்தான் இருக்கிறார், மகன் துபாயில். அம்மா தடுக்கிக் கிடுக்கி விழுந்தால் தெரிய வேண்டுமே என்று வாசலில் ஒன்று, தார்சாவில் ஒன்று, பட்டாசலில் ஒன்று என மூன்று கேமரா மாட்டச் சொல்லியிருக்கிறார் மகன். போன ஐப்பசி மழையில் நெட் இழுக்கிறது என்று என்னைக் கூப்பிட்டார்கள். கணினி பழுது பார்ப்பது என் தொழில்.

நெட்டை வீட்டுக்குள் பகிர்ந்து தரும் ரூட்டர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லே வேலை செய்தது. உள்ளே ‘போர்ட் ஃபார்வர்டிங்’ பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தது. வெளி இணையத்திலிருந்து கேமராப் பெட்டிக்கு நேர்வழி. கேமராப் பெட்டிக்கும் தயாரித்தபோது போட்டு அனுப்பிய கடவுச்சொல்தான். எந்த ஊரிலிருந்து யார் அந்த முகவரியைத் தட்டினாலும், ஆச்சி பட்டாசலில் உட்கார்ந்து பூக்கட்டுவதைப் பார்க்கலாம்.

விஷயத்தைச் சொன்னேன். “எட்டு மணிக்கே ரெண்டு தாப்பாளும் போட்டுருதேனே தம்பி” என்றார் ஆச்சி.

அவர் போட்டுத்தான் வைத்திருந்தார். ரூட்டரும் கடையிலிருந்து வரும்போது அடைத்துத்தான் வந்திருக்கும். கேமரா மாட்ட வந்தவர், வேலை சுளுவாக முடியட்டும் என்று ஒரு கதவைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார். நம் வீடுகளில் ஃபயர்வால் என்னும் இந்தக் காவல் பெரும்பாலும் இருக்கத்தான் செய்கிறது. நம்மிடம் சொல்லாமல் யாரோ திறந்துவிடுகிறார்கள், அல்லது அவசரத்தில் நாமே அணைத்துவிடுகிறோம். இதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

ஃபயர்வாலைத் தமிழில் தீச்சுவர், தீயரண் என்றெல்லாம் எழுதுகிறார்கள். ஓரிடத்தில் பிடித்த தீ பக்கத்துக்குத் தாவாமல் இருக்க எழுப்பும் சுவர்தான் அந்தப் பெயருக்கு மூலம். கணினியில் அது செய்வது வாசல் காவல். வீட்டு ரூட்டர் எப்படிக் காவல் காக்கிறது? நாம் சிலிண்டருக்குப் பதிவு செய்திருந்தால், ஆள் வந்ததும் கதவைத் திறக்கிறோம். பதியாத சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு ஒருவர் வந்து நின்றால் திறப்போமா? ரூட்டரும் அப்படித்தான். உள்ளேயிருந்து எந்தக் கணினி எதைக் கேட்டது என்று குறித்து வைத்துக்கொள்ளும். அதற்கான பதில் வந்தால் உள்ளே விடும். கேட்காமல் வருவதைத் தள்ளிவிடும்.

ஒரு கணினிக்கு 65,535 வரை எண் போட்ட வாசல்கள் உண்டு. போர்ட் என்பது அதுதான். பாதுகாப்பான வலைத்தளங்களுக்கு 443, விண்டோஸில் கோப்புகளைப் பகிர 445, தூரத்திலிருந்து கணினியை இயக்க 3389. தானாக ஓடும் நிரல்கள் இரவு பகலாக முகவரி முகவரியாகப் போய் இந்த எண்களைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன. ‘நம்ம வீட்டில் என்ன இருக்கு, நம்மை யார் தேடி வரப் போறா’ என்று பலர் என்னிடம் கேட்பார்கள். அவை ஆளைத் தேடுவதில்லை, திறந்த வாசலைத் தேடுகின்றன. 2016இல் மிராய் என்ற நிரல், தயாரித்தபோது போட்ட கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்த்தே லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துக்கொண்டது. அவற்றை ஏவி அந்த அக்டோபரில் அமெரிக்காவில் பெரிய பெரிய தளங்களையே மணிக்கணக்கில் முடக்கினார்கள்.

ரூட்டர் காவல் இருக்க, கணினிக்குள் இன்னொன்று எதற்கு? 2003 ஆகஸ்டில் பிரவுசிங் சென்டர் பக்கம் போனவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று ஒரு பெட்டி தோன்றி அறுபது, ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று எண்ணும். அப்புறம் தானே அணைந்து மறுபடி எழும். பிளாஸ்டர் என்ற, கணினிக்குக் கணினி தானே பரவும் புழு நிரலின் வேலை. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் முந்தின மாதமே வெளியிட்டிருந்தது. அப்போதைய விண்டோஸ் எக்ஸ்பியில் ஃபயர்வாலும் இருந்தது, ஆனால் அணைத்த நிலையில் இருந்தது. 2004 ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2 என்ற புதுப்பிப்பில்தான் அதைத் தானாகவே இயங்கும்படி செய்தார்கள்.

2017 மே மாதம் வான்னாக்ரை என்ற நிரல் வந்தது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. 445ஆம் வாசல் வழியாக ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்குத் தாவியது. இங்கே ரூட்டர் என்ன செய்யும்? அது தெருவாசலில் நிற்கிறது. நோய் பிடித்த மடிக்கணினியை நாமே கையில் எடுத்து வந்து வீட்டு வைஃபையில் சேர்த்தால், ரூட்டருக்குப் பின்னால்தான் எல்லாம் நடக்கும். அதற்குத்தான் ஒவ்வொரு கணினியிலும் தனி ஃபயர்வால். பிள்ளைகள் மடிக்கணினியை விடுதிக்கு எடுத்துப் போகும்போதும், ஜங்ஷன் ரயில் நிலையத்தில் வைஃபையில் சேரும்போதும் வீட்டு ரூட்டர் கூட வராது. அங்கே விண்டோஸில் நெட்வொர்க் வகையைப் ‘பப்ளிக்’ என்று வையுங்கள். விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற இயங்குதளம் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், அதில் ஃபயர்வாலை நாம்தான் இயக்க வேண்டும். மேக்கிலும் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

டவுனில் ஒரு பலசரக்குக் கடையில் மூன்று கணினியிலும் ஃபயர்வால் அணைந்து கிடந்தது. “ஆஃப் பண்ணுனாத்தான் ரெண்டாவது சிஸ்டத்துல பில் வருது” என்றார் அண்ணாச்சி. பில் போடும் மென்பொருளுக்கு மட்டும் அனுமதி கொடுத்து, ஃபயர்வாலை இயக்கிக் காட்டினேன். பத்து நிமிஷ வேலை. பில்லும் வந்தது. இதை என் தொழில்காரர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். ‘அணைத்துப் பார்ப்போம்’ என்று தொடங்கினால், கிளம்பும் முன் திரும்ப இயக்கிவிட்டுப் போங்கள். ஆன்ட்டி வைரஸ் வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் தனி ஃபயர்வால் இருந்தால் விண்டோஸ் தன்னுடையதை ஒதுக்கி வைக்கும். சந்தா முடிந்ததும் எது காவலில் இருக்கிறது என்று விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து பாருங்கள்.

ரூட்டரில் யுபிஎன்பி என்றொரு வசதி உண்டு. வீட்டிலுள்ள கருவிகள் நம்மைக் கேட்காமலே தங்களுக்கு வாசல் திறந்துகொள்ள அது உதவும். தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள், வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் வசதியையும்தான். ஐபிவி6 என்ற புதுவகை இணைய முகவரியில் இணைப்பு இருந்தால், அதற்கான ஃபயர்வாலும் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

சரி, ரூட்டரிலும் கணினியிலும் ஃபயர்வால் இருந்தால் பயமில்லையா? மின் கட்டணம் கட்டவில்லை, இன்று ராத்திரி இணைப்பைத் துண்டிப்போம் என்று ஒரு செய்தி வரும். சொன்ன செயலியை நாமே இறக்கி, நாமே அனுமதி கொடுத்தால், எந்த ஃபயர்வாலும் நம்மைத் தடுக்காது. அது நாம் கூப்பிட்டு உட்கார வைத்த ஆள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

ஆச்சி வீட்டில் அந்த ஒரு வரியை அழித்தேன். கேமராப் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்தேன். மகனை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, உள்ளேயிருந்து வெளியே தொடர்புகொள்ளும் செயலி வழியாகப் பார்க்கும்படி மாற்றிக் கொடுத்தேன். இரண்டு பெட்டிக்கும் புதுக் கடவுச்சொல் வைத்தோம். எதில் எழுதி வைக்கலாம் என்று யோசித்தபோது, ஆச்சி பால் கணக்கு நோட்டை எடுத்து வந்தார். கடைசிப் பக்கத்தில் எழுதி அலமாரியில் வைத்தோம். இணையத்திலிருந்து யாரும் அந்த நோட்டைப் படிக்க முடியாது.

வணக்கம்.