வேற்றுக்கிரக லேப்ல நாம: கதைக் கூண்டும் நிஜக் கூண்டும்

வணக்கம் மக்களே. வேற்றுக்கிரகவாசிங்க மனுஷனைத் தூக்கிட்டுப் போற கதைன்னாலே ஒரே காட்சிதான் வருது. கண்ணைக் கூசுற வெளிச்சம், இரும்பு மேஜை, கண்ணுக்கு நேரா இறங்குற ஊசி. அந்தக் காட்சி பயமா இருக்கும், ஒத்துக்கறேன். ஆனா உண்மையான விலங்கு ஆய்வுக்கூடம் அப்படி இருக்காது. அங்க மெதுவா பேசுவாங்க, நோட்டுல குறிச்சுக்குவாங்க, ஏசி கச்சிதமா ஓடும், வேலை செய்றவங்க நல்லவங்களா இருப்பாங்க. இவ்வளவும் இருந்தும் உள்ள இருக்கிற உயிருக்கு என்ன ஆகும்? அதை நிஜ விவரத்தோட பார்த்துட்டா, கதை எழுதுறவங்களுக்கும் உதவும், விலங்கு ஆய்வு சரியா தப்பான்னு யோசிக்கிறவங்களுக்கும் உதவும்.

முதல்ல உண்மையிலேயே நடந்த ஒரு கடத்தல். கடத்துனது மனுஷங்க. 1957ல, அப்போ பிரெஞ்சு ஆட்சியில இருந்த கேமரூன்ல பிறந்த ஒரு சிம்பன்சி குட்டி. அதைப் பிடிச்சு, கடல் தாண்டிக் கொண்டுவந்து, 1959ல அமெரிக்க விமானப்படையோட ஹாலோமன் தளத்துல சேர்த்தாங்க. நியூ மெக்சிகோ, பாலைவனப் பகுதி. காகிதத்துல அதுக்கு நம்பர்தான், 65. ஹாம்ங்கிற பேர், விண்வெளிக்குப் போய் உயிரோட திரும்பி வந்த பிறகுதான் உலகத்துக்குச் சொன்னாங்க.

பயிற்சி எப்படின்னு பாருங்க. முன்னாடி பலகையில விளக்கும் லீவரும். நீல விளக்கு எரிஞ்சா 5 நொடிக்குள்ள ஒரு லீவரை அழுத்தணும். இன்னொரு லீவரைக் குறிப்பிட்ட இடைவெளியில விடாம அழுத்திட்டே இருக்கணும். சரியா செஞ்சா வாழைப்பழச் சுவையில ஒரு சின்ன உருண்டை. தவறுனா உள்ளங்கால்ல மின்சார அதிர்ச்சி. எதுக்காகன்னா, எடையில்லாத நிலையில கையும் மூளையும் சேர்ந்து வேலை செய்யுமான்னு மனுஷனை அனுப்புறதுக்கு முன்னாடி தெரியணும்.

1961 ஜனவரி 31. மெர்க்குரி ரெட்ஸ்டோன் ராக்கெட். மொத்தப் பயணம் 16 நிமிஷம் 39 நொடி. இந்தக் கொஞ்ச நேரத்துல எத்தனை கோளாறு! என்ஜின் தேவைக்கு மேல உந்துச்சு. தப்பிக்கிறதுக்கு வச்சிருந்த ராக்கெட்டும் பத்திக்கிட்டு இன்னும் இழுத்துட்டுப் போச்சு. சுமார் 185 கிலோமீட்டர் உயரம்னு திட்டம், போனது சுமார் 250. அதிர்வுல ஒரு வால்வு திறந்து கேபின் அழுத்தம் போயிடுச்சு. ஹாம் படுத்திருந்த இருக்கைக்குத் தனியா மூடியும் காற்றழுத்தமும் இருந்ததாலதான் உயிர் தப்பிச்சது. திரும்பி வர்றப்போ 14.7 ஜி, அதாவது உடம்பு எடை பதினாலு மடங்குக்கு மேல அழுத்துற மாதிரி. கடல்ல விழுந்ததும் அடிப்பக்கம் ஓட்டையாகி சுமார் 360 கிலோ தண்ணி உள்ள புகுந்துடுச்சு. இவ்வளவு நடுவுலயும் ஹாம் லீவரை அழுத்திட்டே இருந்துச்சு. வாங்குன அதிர்ச்சி ரெண்டே ரெண்டு.

கப்பல்ல ஏத்தினதும் எடுத்த படம் உலகம் பூரா போச்சு. பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு. "பாருங்க, சந்தோஷமா இருக்கு"ன்னு எழுதுனாங்க. சிம்பன்சியோட முகம் தெரிஞ்சவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க. விளையாட்டு மனநிலையில இருக்கிற சிம்பன்சி வாயைத் தளர்வா திறக்கும், மேல் உதடு மேல் பல்லை மூடியிருக்கும். உதடு ரெண்டும் பின்னால இழுத்து, மேல் வரிசை கீழ் வரிசை ரெண்டும் வெளிய தெரிஞ்சா அது பயம். காட்டுச் சிம்பன்சிகளைப் பல வருஷம் ஆராய்ஞ்ச ஜேன் குடால் அந்தப் படத்தைப் பார்த்துட்டு, கடுமையான பயம்னுதான் சொன்னாங்க. பிறகு பத்திரிகைக்காரங்களுக்காக அதே இருக்கையில உட்கார வைக்கப் பார்த்தப்போ, பல பேர் சேர்ந்தும் முடியல.

அதே வருஷம் நவம்பர் 29. ஈனோஸ்னு இன்னொரு சிம்பன்சி, பூமியை ரெண்டு சுத்து சுத்துச்சு. அதோட வேலை இன்னும் கஷ்டம்: மூணு வடிவம் காட்டுவாங்க, அதுல வேறுபட்டு இருக்கிறதுக்கு நேரான லீவரை அழுத்தணும். நடு லீவர் பழுதாயிடுச்சு. சரியான பதில் சொன்னாலும் அதிர்ச்சி. திரும்பத் திரும்ப. ஈனோஸ் கத்துக்கிட்டபடியே சரியாத்தான் செஞ்சுட்டு இருந்துச்சு. இறங்கித் திறந்து பார்த்தப்போ உடம்புல ஒட்டியிருந்த சென்சர்களைப் பிடுங்கிப் போட்டிருந்துச்சு. கதை எழுதுறவங்க இந்த இடத்துல கொஞ்சம் நில்லுங்க. உங்க கதாநாயகன் விதியைக் கண்டுபிடிச்சுட்டான், சரியா செய்றான், அப்பவும் வலிக்குது. காரணம் எவனோட கொடூரமும் இல்ல, ஒரு சுவிட்ச். அவனால அதைக் கூண்டுக்கு வெளிய இருக்கிறவங்ககிட்ட சொல்ல வழியே இல்ல. அந்த ஊசிக் காட்சியை விட இது பல மடங்கு கனம்.

இப்போ கதைகள் என்ன செய்யுதுன்னு பாருங்க. ஏ. பெர்ட்ராம் சாண்ட்லர் 1957ல "தி கேஜ்"னு ஒரு சிறுகதை எழுதினார். மனுஷங்களை மிருகம்னு நினைச்சு வேற்றுக்கிரகத்தார் அடைச்சு வைக்கிறாங்க. எதைச் செஞ்சு காட்டினாலும் அவங்க நம்பல. கடைசியில கைதிங்க ஒரு சின்ன விலங்கைப் பிடிச்சுக் கூண்டு செஞ்சு வைக்கிறாங்க. அதைப் பார்த்ததும்தான் "ஓ, இவங்க அறிவுள்ளவங்க"ன்னு விடுதலை. பியேர் பூல் 1963ல எழுதின குரங்குகள் கிரகத்து நாவல்ல, ஆய்வுக்கூடத்துல அடைபட்ட மனுஷன் சிம்பன்சி விஞ்ஞானியோட நோட்டுல வடிவியல் படம் வரைஞ்சு தன் அறிவைக் காட்டுறான். ரெண்டு கதையிலயும் சாவி ஒண்ணுதான்: புத்தியை நிரூபி, கதவு திறக்கும்.

நிஜ லேப்ல இது தலைகீழ். ஹாம் புத்திசாலிங்கிறதாலதான் அதைத் தேர்ந்தெடுத்தாங்க. லீவர் கத்துக்காத குட்டி ராக்கெட்ல ஏறாது. ஒரு விலங்கு நமக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு பயன்படும், அதே அளவுக்கு அதை அடைக்கிறது தப்பாவும் ஆகும். விலங்கு ஆய்வோட சிக்கல் முழுக்க இந்த முடிச்சுலதான் இருக்கு. அறிவுங்கிற சாவியை நம்பின கதைங்க இந்த முடிச்சைத் தொடவே இல்லைங்கிறது என் கருத்து.

சரி, கெட்ட லேப்பை விடுங்க. விதிமுறை எல்லாத்தையும் பின்பற்றுற நல்ல லேப் ஒண்ணுல உங்களை வச்சுப் பார்ப்போம். சுண்டெலிக்கு நடக்கிறதை அப்படியே நமக்கு மாத்துறேன்.

வெப்பநிலை. சுண்டெலி அறை பெரும்பாலும் 20லிருந்து 24 டிகிரி. கோட்டும் கையுறையும் போட்ட மனுஷனுக்கு அது சுகம். ஆனா சுண்டெலி உடம்பு சக்தியைச் செலவழிக்காம சுகமா இருக்கிறது 30 டிகிரி பக்கம். அதனால அது நாள் பூரா குளிரைச் சமாளிக்கவே சாப்பிட்டதை எரிக்குது. 2013ல அமெரிக்காவோட ரோஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்துல 22 டிகிரியிலயும் 30 டிகிரியிலயும் வச்சுப் பார்த்தாங்க. குளிர்ல இருந்த எலிங்களுக்குக் கட்டி வேகமா வளர்ந்துச்சு, எதிர்ப்பு சக்தி மங்கியிருந்துச்சு. அப்போ மருந்துச் சோதனை எதை அளக்குது? நோயையா, குளிரையா? நல்ல லேப்ல ஒரு கூண்டுக்கு 8 கிராம் அளவுக்குக் காகிதக் கீற்று போடுவாங்க, எலியே கூடு கட்டிக்கும். உங்க வேற்றுக்கிரகத்தார் தங்களுக்கு இதமா 8 டிகிரியில அறையை வச்சிருந்தா, ஒரு கம்பளி கொடுக்கணும்னு அவங்களுக்கு எப்படித் தோணும்?

சத்தம். சுண்டெலி 90 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்கும். நமக்கு 20தான் எல்லை. நமக்கு அமைதியா இருக்கிற அறையில கம்ப்யூட்டர் திரை, பழைய டியூப்லைட், சக்கரம் கீச்சிடுற வண்டி எல்லாம் எலிக்கு அலறல். கடத்துனவங்களோட காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலதான் ஆரம்பிக்குதுன்னு வைங்க. உங்க தலைக்கு மேல ஒரு மோட்டார் ராப்பகலா கத்தும். அவங்க பதிவேட்டுல "அறை அமைதி"ன்னு இருக்கும்.

தூக்குற விதம். பல காலமா எலியை வாலைப் பிடிச்சுத் தூக்குறதுதான் வழக்கம், கடிக்காது, வேகமா முடியும். 2010ல லிவர்பூல் பல்கலைக்கழகத்துல ஒரு ஒப்பீடு செஞ்சாங்க. வாலைப் பிடிச்சுத் தூக்குன எலிங்க கையைக் கண்டா ஒதுங்குது. சின்னக் குழாய்க்குள்ள போகவிட்டு தூக்கினதும், ரெண்டு கையையும் குழிச்சு ஏந்தினதும் பயமில்லாம கிட்ட வருது. செலவு ஒரு குழாய். அவ்வளவுதான்.

வாசனை. 2014ல மெக்கில் பல்கலைக்கழகம் வெளியிட்டது இது: ஆண் ஆய்வாளர் அறையில இருந்தா எலிங்க வலியைக் குறைச்சே காட்டுது. ஆள் கூட வேண்டாம், ஆண்கள் ராத்திரி போட்டிருந்த டிஷர்ட்டைப் பக்கத்துல வச்சாலே போதும். காரணம் அழுத்தம், அழுத்தத்துல உடம்பு வலியை அமுக்குது. அப்படின்னா "இந்த மருந்து வலியைக் குறைச்சது"ன்னு ஒரு அட்டவணையில இருந்தா, அன்னைக்கு யார் ஷிஃப்ட்ல இருந்தாங்கன்னும் கேட்கணும்.

அதே மெக்கில்ல 2010ல சுண்டெலி முகத்துல வலியைப் படிக்க ஒரு அளவுகோல் கொண்டுவந்தாங்க. அஞ்சு இடம் பார்க்கணும்: கண் இடுங்குறது, மூக்குப் பாலம் புடைக்கிறது, கன்னம் புடைக்கிறது, காது பின்னால மடங்குறது, மீசை முடி இருக்கிற நிலை. ஒவ்வொண்ணுக்கும் 0, 1, 2. கேமரா வச்சு எடுத்து, எந்த எலிக்கு என்ன கொடுத்தாங்கன்னு தெரியாதவர்தான் மதிப்பெண் போடணும். ஆள் நேர்ல நின்னா எலி முகத்தை மறைச்சுக்கும், இரை விலங்கு இல்லையா. நூறு வருஷத்துக்கு மேல எலியை லேப்ல வச்சிருந்தும் அதோட முகத்தை இப்படி முறையா படிக்க 2010 ஆச்சு. ஹாமோட படத்தைத் தப்பாப் படிச்ச அதே குறைதான் இது.

இதுக்கெல்லாம் அனுமதி யார் தர்றாங்க? இந்தியாவுல ஒவ்வொரு நிறுவனத்துலயும் விலங்கு நெறிமுறைக் குழு இருக்கணும். அதுல விஞ்ஞானிங்க, கால்நடை மருத்துவர், விலங்குக் கூடப் பொறுப்பாளர், வெளி நிறுவன விஞ்ஞானி, விலங்கு ஆய்வைக் கண்காணிக்கிற மத்திய அரசுக் குழு நியமிக்கிறவர், அப்புறம் விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறையுள்ள ஒருத்தர். விண்ணப்பத்துல கேட்கிறது: ஏன் இந்த இனம், ஏன் இத்தனை எண்ணிக்கை, விலங்கு இல்லாம செய்ய முடியாதா, வலிக்கு என்ன மருந்து, எப்போ நிறுத்துவீங்க, முடிஞ்ச பிறகு என்ன செய்வீங்க. 1959ல ரஸல், பர்ச்னு ரெண்டு பிரிட்டிஷ் விஞ்ஞானிங்க சொன்ன மூணு கொள்கைதான் இதுக்கு அடிப்படை: மாற்று இருந்தா மாத்து, எண்ணிக்கையைக் குறை, வேதனையைக் குறை.

எண்ணிக்கையில ஒரு விஷயம் கவனிங்க. ரொம்பக் குறைச்சாலும் பாவம்தான். ஒவ்வொரு ஆய்வுப் பிரிவுக்கும் 10 விலங்கு தேவைப்படுற இடத்துல 4 வச்சா முடிவே தெளிவா வராது. அந்த 4 உயிரும் வீண், மறுபடி செய்யணும். "எப்போ நிறுத்துவீங்க"ங்கிறதுக்கு வழக்கமான பதில்ல ஒண்ணு, எடை 20 சதவீதம் குறைஞ்சா. 65 கிலோ ஆளுக்கு அது 52 கிலோ. உங்க கதாபாத்திரம் 54ல இருக்கிறப்போ விதிப்படி ஆய்வு தொடரும்.

மாற்றுக்கு ஒரு உதாரணம், முயல் கண் சோதனை. 1944ல ஜான் டிரெய்ஸ் பேர்ல வந்தது. வெள்ளை முயலோட ஒரு கண்ணுல 0.1 மில்லி பொருளை விட்டு, 1 மணி, 24, 48, 72 மணி நேரத்துல பார்ப்பாங்க, தேவைப்பட்டா 21 நாள் வரைக்கும். முயலுக்குக் கண்ணீரும் குறைவு, சிமிட்டலும் குறைவு, மூணாவது இமை வேற இருக்கு. மனுஷக் கண்ணோட சரியாப் பொருந்தாது. இப்போ இறைச்சிக்கூடத்துல கிடைக்கிற மாட்டுக் கருவிழியை எடுத்து, பொருளை விட்டு, அது எவ்வளவு மங்குது, சாயம் எவ்வளவு ஊடுருவுதுன்னு அளக்கிறாங்க. மனித செல்லுல வளர்த்த கருவிழித் திசுவும் இருக்கு. அழகுசாதனப் பொருளுக்கு விலங்குச் சோதனையை இந்தியா 2014ல தடை செஞ்சாச்சு. ஷாம்புக்காக ஒரு முயல் கூடத் தேவையில்லைங்கிறதுல எனக்குச் சந்தேகமே இல்ல. புது மருந்தோ தடுப்பூசியோ முழு உடம்புல என்ன செய்யும்னு பார்க்கிற விஷயத்துல, நாளைக்கே எல்லாத்தையும் நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அங்க இன்னும் முழு மாற்று வரல. ஆனா குளிர்லயும் இரைச்சல்லயும் வாலைப் பிடிச்சும் எடுத்த தரவுக்காக ஒரு உயிரைச் செலவழிக்கிறதை எந்த மருந்தோட பேர்லயும் ஏத்துக்க முடியாது.

கடைசியா, விண்ணப்பத்துல இருக்கிற "முடிஞ்ச பிறகு". கதைகள்ல கைதி கப்பலேறி வீட்டுக்குப் போயிடுவான். ஹாம் 1963லிருந்து வாஷிங்டன் மிருகக்காட்சிசாலையில 17 வருஷம், பெரும்பாலும் தனியா. 1980ல வட கரோலினாவுல மத்த சிம்பன்சிங்களோட சேர்த்தாங்க. 1983ல செத்துப்போச்சு. அமெரிக்காவுல 2000ல ஆய்வு சிம்பன்சிங்களுக்கு ஓய்விடம்னு சட்டம் வந்துச்சு, லூயிசியானாவுல இருக்கிற சிம்ப் ஹேவன் அந்தச் சட்டப்படி நடக்கிற ஓய்விடம். 2015ல தேசிய சுகாதார நிறுவனம் சிம்பன்சி மேல உடலைத் துளைக்கிற ஆய்வுக்கு ஆதரவை நிறுத்துச்சு. ஓய்விடத்துல உடனே கூட்டத்துல விட முடியாது. வருஷக்கணக்கா தனியா இருந்தது இன்னொண்ணோட முகத்தைப் படிக்கத் தெரியாம அடிபடும். முதல்ல கம்பிக்கு இந்தப்பக்கம் ஒண்ணு அந்தப்பக்கம் ஒண்ணு, பிறகு ரெண்டு ரெண்டா, பிறகுதான் குழு. சிம்பன்சி 50 வயசு தாண்டியும் வாழும், அத்தனை வருஷத்துக்கும் உணவும் மருத்துவமும் ஆளும் வேணும். நீங்க வேற்றுக்கிரக லேப் எழுதுறீங்கன்னா, அவங்க விண்ணப்பத்துல இந்தச் செலவுக்கு ஒரு வரி இருக்கா இல்லையான்னு முதல்ல முடிவு பண்ணிட்டு எழுத ஆரம்பிங்க.