புரொக்சி போட்டும் மெயிலில் ஐபி தெரிகிறதே, ஏன்?

வணக்கம் உறவுகளே. யாழ்ப்பாணத்து வெயிலுக்கு இங்கே காற்றாடி போட்டிருக்கிறேன், சத்தம் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிரவுசரில் புரொக்சி, அதாவது நமக்காக இடையில் நின்று இணையத்தோடு பேசுகிற சேர்வர், போட்டுவிட்டால் அனுப்புகிற மெயிலில் நம்முடைய ஐபி, அதாவது நம் இணைய இணைப்பின் எண் முகவரி, தெரியாது என்று நிறையப் பேர் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். ஆனால் பல நேரம் அது தெரியும்.

பிரவுசரில் போடுகிற புரொக்சி பிரவுசருக்கு மட்டும்தான். தண்டர்பேர்ட், அவுட்லுக் மாதிரி ஒரு செயலியில் மெயில் எழுதி அனுப்பினால் அது எஸ்எம்டிபி என்ற வேறு முறையில், 587 அல்லது 465 என்ற போர்ட்டால் (சேர்வரின் வாசல் எண் மாதிரி), நேரே மெயில் சேர்வருக்குப் போய்விடும். பிரவுசரில் நீங்கள் என்ன போட்டீர்கள் என்று அதற்குத் தெரியவே தெரியாது. முன்படலையில் காவலுக்கு ஆளை நிறுத்திவிட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் போய்வருகிற கதைதான்.

அதோடு விடுகிறதா? மெயிலை வாங்குகிற சேர்வர், எந்த ஐபியில் இருந்து வாங்கினேன் என்று மெயிலின் தலைப்பகுதியிலேயே எழுதி வைக்கிறது. ‘ரிசீவ்ட்’ என்று தொடங்கும் வரி அது. வழியில் வருகிற ஒவ்வொரு சேர்வரும் தன் வரியை மேலே மேலே போட்டுக்கொண்டு போவதால், ஆக அடியில் கிடப்பதுதான் முதல் வரி, உங்கள் ஐபி இருந்தால் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உளவு பார்க்கிற வேலை என்று நினைக்காதீர்கள், மெயில் எங்கே சிக்கியது என்று கண்டுபிடிக்க வைத்த விதி இது. கொம்பியூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, வந்த ஒரு மெயிலில் மூன்று புள்ளியை அழுத்தி ‘ஷோ ஒரிஜினல்’ கொடுங்கள், எல்லாம் அப்படியே கிடக்கும்.

இதில் பகிடி என்னவென்றால், ஜிமெயிலைப் பிரவுசரிலேயே திறந்து அனுப்பினால் புரொக்சி இல்லாமலே பெறுபவருக்கு உங்கள் ஐபி போகாது, கூகுள் சேர்வரின் ஐபிதான் போகும். அதே கணக்கைத் தண்டர்பேர்டில் போட்டு அனுப்பினால் உங்கள் ஐபி ஏறிவிடும். தேவையில்லாத இடத்தில் புரொக்சியைப் போட்டுவிட்டு, தேவையான இடத்தில் விட்டுவிடுகிறோம்! எல்லா வெப்மெயிலும் ஜிமெயில் மாதிரி இல்லை, அனுப்பியவரின் ஐபியைத் தனி வரியாகச் சேர்ப்பவையும் உண்டு. கூகுளுக்கு நீங்கள் எங்கிருந்து லொகின் பண்ணினீர்கள் என்பது எப்படியும் தெரியும், அது வேறு கதை.

அதற்காகப் பயப்படவும் வேண்டாம். ஐபியை மட்டும் வைத்து உங்கள் ஒழுங்கைக்குள் யாரும் வந்து நிற்கமாட்டார்கள், இங்கிருந்து அனுப்பினாலும் கொழும்பு என்று காட்டுவதும் உண்டு. எந்த வீட்டு இணைப்பு என்பது இணைப்புத் தந்த நிறுவனத்துக்குத்தான் தெரியும்.

சரி, மறைக்கத்தான் வேண்டும் என்றால் லப்டொப் முழுவதற்கும் விபிஎன் போடலாம், அது எல்லாச் செயலிகளையும் வேறொரு சேர்வர் வழியாக இணையத்துக்கு விடும். இல்லாவிட்டால் தண்டர்பேர்ட் செட்டிங்ஸில் ஜெனரல் பகுதிக்குப் போய், கீழே கனெக்ஷன் என்ற இடத்தில் சொக்ஸ் 5 புரொக்சியை (பிரவுசர் மட்டுமல்லாமல் மெயில் செயலிக்கும் பயன்படுகிற புரொக்சி வகை) கொடுங்கள். அப்படியே ‘புரொக்சி டிஎன்எஸ்’ என்ற பெட்டியையும் டிக் பண்ணிவிடுங்கள், இல்லாவிட்டால் மெயில் சேர்வரின் பெயரைத் தேடுகிற கேள்வி உங்கள் சொந்த இணைப்பால்தான் வெளியே போகும்.