பிள்ளைகள முன்வரிசையில உக்கார வைக்காதீங்க (லெந்துகால கூட்டத்துல நான் பேசினது)

மேடையில இருக்குற தலைவர் அண்ணாச்சி அவர்களே, ஜெபம் பண்ணி கூட்டத்த ஆரம்பிச்சு வச்ச பாஸ்டர் ஐயா அவர்களே, ஹூஸ்டன்ல இருந்து நாலு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு நமக்காக வந்திருக்குற மூத்த ஐயா அவர்களே, கூடவே வந்திருக்குற அம்மா அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களே, காலையில இருந்து கிச்சன்ல நின்னு இத்தன பேருக்கும் இட்லி அவிச்ச தம்பி தங்கச்சிமார்களே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம், வணக்கம். மூத்த ஐயாவ பத்தி ஒரு வார்த்த சொல்லாம இருக்க முடியாது. நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல காரும் கிடையாது லைசென்சும் கிடையாது, அப்போ ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் என்னைய வீட்டு வாசல்ல வந்து கூட்டிட்டு போனது ஐயா தான். அவங்க முன்னாடி நின்னு பேசுறது எனக்கு பெரிய பாக்கியம்.

தலைவர் அண்ணாச்சி எனக்கு குடுத்த தலைப்பு, இயேசு சிலுவையில பட்ட பாடுகள காட்டி ஹாலிவுட் நடிகர் மெல் கிப்சன் எடுத்த 'தி பேஷன் ஆஃப் தி க்ரைஸ்ட்' படத்த ஜனங்க எப்படி பாத்தாங்கன்னு. மூணு விஷயம் பேசலாம்னு வந்தேன். ஒண்ணு, படம் பாத்தவங்களுக்கு என்ன ஆச்சு. ரெண்டு, யூத ஜனங்க ஏன் பயந்தாங்க. மூணு, அராமிக், லத்தீன், எபிரேயுன்னு யாருக்கும் புரியாத மொழியில எடுத்த படத்துக்கு எப்படி அவ்ளோ கூட்டம் வந்துச்சு.

எங்க பாளையங்கோட்ட ஸ்கூல்ல தமிழ் ஐயா ஒருத்தர் இருந்தாங்க, அவங்க அடிக்கடி சொல்ற பழமொழி, "கல்லைக் கண்டா நாயைக் காணோம், நாயைக் கண்டா கல்லைக் காணோம்". எல்லாரும் நாய கல்லால அடிக்கிறதுன்னு நெனைச்சுக்குறாங்க, அது இல்ல. கல்லுல செதுக்குன நாய் அது. கல்லுன்னு பாத்தா நாய் கண்ணுக்கு தெரியாது, நாய்னு பாத்தா கல்லு மறைஞ்சு போகும். இத மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

படம் வந்தது 2004 பிப்ரவரி 25, சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு ஆரம்பிக்கிற நாள். கிப்சன் சொந்த காசுல சுமார் 30 மில்லியன் டாலர் போட்டு இத்தாலியில மாத்தேரா ஊர்லயும் ரோம் ஸ்டூடியோவுலயும் எடுத்தாரு. முதல் அஞ்சு நாள்லயே 125 மில்லியன் டாலர் வசூல், அமெரிக்காவுல மட்டும் மொத்தம் 370 மில்லியன், உலகம் முழுக்க 600 மில்லியனத் தாண்டிருச்சு. சர்ச் சர்ச்சா மொத்தமா டிக்கெட் வாங்குனாங்க. நம்ம டெக்சாஸ் ப்ளேனோவுலயே ஒரு பிசினஸ்காரர் 6,000 டிக்கெட் வாங்கி சும்மா குடுத்தாரு, இங்க இருக்குற பழைய ஆட்களுக்கு அது ஞாபகம் இருக்கும்.

ரோஜர் ஈபர்ட்னு பெரிய சினிமா விமர்சகர், அவரு நாலுக்கு நாலு ஸ்டார் குடுத்தாரு, அதே விமர்சனத்துல தான் பாத்ததுலயே இது தான் ரொம்ப வன்முறையான படம்னும் எழுதுனாரு. கான்சஸ் மாநிலம் விசிட்டாவுல முதல் நாளே ஒரு பெண்மணி சிலுவை சீன் ஓடிட்டு இருக்கும்போதே மயங்கி விழுந்து இறந்து போனாங்க. நம்ம டெக்சாஸ்லயே ஒரு வாலிபன், தற்கொலைன்னு போலீஸ் முடிச்சு வச்ச ஒரு சாவ, படம் பாத்துட்டு வந்து நான் தான் செஞ்சேன்னு தானே போய் ஒத்துக்கிட்டான், 75 வருஷம் தண்டனை ஆச்சு. ஒரே படம் தான். ஒருத்தர் உயிர் போகுது, ஒருத்தன் மனசாட்சி முழிக்குது, ஒருத்தர் பாதியில எந்திரிச்சு போறாரு. கல்லைக் கண்டா நாயைக் காணோம்.

இப்போ என் கதைய சொல்றேன், கொஞ்சம் பெருசு, பொறுத்துக்கோங்க.

பக்கத்து வீட்டுக்காரங்க சர்ச்ல டிக்கெட் இருக்குன்னு கூப்பிட்டாங்க. என் மனைவி வேண்டாம்னா, பிள்ளைய விட்டுட்டு போங்கன்னா. பையனுக்கு அப்போ ஏழு வயசு. நான் தான், ஆண்டவர் பட்ட பாடு பிள்ளைக்கு சின்ன வயசுலயே தெரியட்டும்னு கூட்டிட்டு போனேன். படத்துக்கு ஆர் ரேட்டிங், 17 வயசுக்கு கீழ உள்ளவங்கள பெரியவங்க யாராவது கூட இருந்தா தான் விடுவாங்க, அந்த பெரியவன் நான் தான். சர்ச் ஆட்கள் அன்பா பிள்ளைங்கள முன்னாடி விடுங்கன்னு சொன்னாங்க, முன்னாடி இருந்து ரெண்டாவது வரிசை, திரை தலைக்கு மேல நிக்கிது. என் எடது பக்கம் பையன், வலது பக்கம் எழுபது வயசு இருக்கும், ஒரு கறுப்பின பாட்டி, கைக்குட்டைய மடிச்சு மடியில வச்சுட்டு உக்காந்திருந்தாங்க.

படம் ஏசாயா 53 வசனத்தோட ஆரம்பிக்குது, "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்". நான் பையன் காதுல அத தமிழ்ல சொன்னேன், எனக்கு பெருமையா இருந்துச்சு. அப்புறம் வாரடி சீன் வந்துச்சு. முதல்ல கம்பு, அப்புறம் முனையில கொக்கி கட்டுன சாட்டை, அடிக்கிறான் அடிக்கிறான் நிறுத்தவே இல்ல, நிறுத்திட்டான்னு நெனைச்சா திருப்பி போட்டு அடிக்கிறான். தியேட்டர்ல ஒரு சத்தம் இல்ல, பாப்கார்ன் வாங்குன ஒருத்தரும் அத தொடல. பையன் என் சட்டைக்குள்ள முகத்த பொதச்சுட்டு, "அப்பா எப்போ நிறுத்துவாங்க"ன்னு கேட்டான். சின்ன சத்தம் தான், ஆனா மூணு வரிசைக்கு கேட்டுச்சு. நான் என்ன சொன்னேன் தெரியுமா, "பாருப்பா, உனக்காக தான்"னு சொன்னேன். ஏழு வயசு பிள்ளைகிட்ட. அன்னைக்கு நான் செஞ்ச தப்பு அது.

அதே படத்துல, இயேசு சிலுவைய தூக்கிட்டு கீழ விழும்போது மரியாளுக்கு அவரு சின்ன பிள்ளையா தடுக்கி விழுந்தது ஞாபகம் வந்து ஓடி வர்ற சீன் இருக்கு. அப்போ அந்த பாட்டி என் மணிக்கட்ட புடிச்சாங்க, யாருன்னே தெரியாத என் கைய, படம் முடியிற வரைக்கும் விடல. வெளிய வந்ததும் சாரி சொல்லிட்டு, தன் மகன் செத்து ஒம்பது வருஷம் ஆச்சு, இன்னைக்கு தான் அழ முடிஞ்சதுன்னு சொன்னாங்க. அவங்க ரத்தத்த பாக்கல ஐயா, ஓடி வந்த தாய பாத்தாங்க. அதனால படமே கூடாதுன்னு சொல்றவங்களோட நான் சேர மாட்டேன்.

பார்க்கிங் லாட்ல ஜனங்க கார ஸ்டார்ட் பண்ணாம அப்படியே உள்ள உக்காந்திருந்தாங்க. என் பையன் பின் சீட்ல இருந்து கேட்டான், "அப்பா, அடிச்சவங்க அப்புறம் வீட்டுக்கு போய் சாப்பிட்டாங்களா?" எனக்கு பதில் வரல.

அதுக்கப்புறம் ஆறு மாசம், நான் ஆபீஸ் விட்டு வந்து பேண்ட்ல இருந்து பெல்ட்ட உருவுனா அந்த சத்தத்துக்கே அடுத்த ரூமுக்கு போயிருவான். நான் ஒரு நாளும் அவன பெல்ட்டால தொட்டது கிடையாது. சண்டே ஸ்கூல் வயித்து வலின்னு சொல்லி நின்னு போச்சு. இப்போ அவனுக்கு முப்பது நெருங்குது, போன வருஷம் பெரிய வெள்ளிக்கு போன்ல கேட்டேன், என்னடா ஞாபகம் இருக்குன்னு. "சிலுவை ஞாபகம் இல்லப்பா, உயிர்த்தெழுந்ததும் ஞாபகம் இல்ல, அந்த சத்தம் தான் ஞாபகம் இருக்கு"ன்னான். நாயைக் கண்டா கல்லைக் காணோம்.

வேதத்துல அந்த வாரடி எவ்ளோ நீளம்னு பாருங்க. யோவான் 19:1, "அப்பொழுது பிலாத்து இயேசுவைப் பிடித்து வாரினால் அடிப்பித்தான்." அவ்ளோ தான், ஒரே வரி. மத்தேயுவும் மாற்குவும் பாதி வசனத்துல கடந்து போறாங்க. எழுதுனவங்களுக்கு அந்த அடி எப்படி இருக்கும்னு தெரியாமலா, ரோமர் ஆட்சியில இருந்தவங்க, தெரிஞ்சும் ஒரு வரியோட நிறுத்திட்டாங்க. கிப்சன் ஆன் கேத்தரின் எம்மெரிக்னு ஒரு ஜெர்மன் கன்னியாஸ்திரி கண்ட தரிசனங்கள்ல இருந்தும் நெறைய எடுத்திருக்காரு, அது பல பேருக்கு தெரியாம எல்லாமே சுவிசேஷத்துல இருக்குன்னு நெனைச்சுக்குறாங்க.

ரெண்டாவது விஷயத்துக்கு வர்றேன். என்கூட வேல பாத்த ஒரு யூத நண்பர் அந்த வாரம் லஞ்சுக்கு யார்கூடயும் உக்காரல. கேட்டதுக்கு, "உங்க பெரிய வெள்ளிய நெனச்சா எங்க பாட்டி கதவ பூட்டுவாங்க"ன்னாரு. 1903ல, அப்போ ரஷ்ய ஆட்சியில இருந்த கிஷினேவ் ஊர்ல யூதர்கள வெட்டுனது ஈஸ்டர் அன்னைக்கு தான் ஆரம்பிச்சது. ஜெர்மனியில ஒபராமர்காவ்ல 1634ல இருந்து போடுற பாடுகள் நாடகத்த 1934ல ஹிட்லரே வந்து பாத்தான். மத்தேயு 27:25ல பிலாத்து முன்னாடி ஜனங்க சொன்னதா "இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக"ன்னு வருதுல்ல, அத வச்சு நூத்தாண்டு கணக்கா அடிச்சிருக்காங்க. இயேசுவ கொன்ன பழிய யூதர் எல்லார் மேலயும் போடக்கூடாதுன்னு கத்தோலிக்க சபை 1965லயே சொல்லிருச்சு. கிப்சன் எதிர்ப்புக்கு அப்புறம் அந்த வரிக்கு சப்டைட்டில மட்டும் எடுத்தாரு, பேச்சு அப்படியே தான் இருக்கு. இதுல இன்னும் நெறைய சொல்லணும், ஆனா அந்த வசனத்துலயும் "பிள்ளைகள்"னு தான வருது, என் மனசு அங்க தான் போய் நிக்கிது.

நம்ம ஊர்ப்பக்கம் பாஸ்கா நாடகம் பாத்திருப்பீங்க. அதுலயும் அடி உண்டு, சிலுவை உண்டு, பாட்டிமார் மாரடிச்சு அழுவாங்க. ஆனா இயேசுவா நடிக்கிறது பிள்ளைக்கு தெரிஞ்ச மாமா, மறுநாள் காலையில டீக்கடையில கன்னத்துல கொஞ்சம் சாயத்தோட நிப்பாரு, பிள்ளை போய் தொட்டுப் பாக்கும். மாமாவுக்கு ஒண்ணும் ஆகலன்னு அதுக்கு தெரிஞ்சிரும். இந்த படத்துல தொட்டுப் பாக்க யாரும் இல்ல. கிப்சனே 2005ல ரத்தத்த கொஞ்சம் கொறச்சு, அஞ்சு நிமிஷத்துக்கு மேல வெட்டி, திரும்ப ரிலீஸ் பண்ணாரு. அப்போ எடுத்தவருக்கே தெரிஞ்சிருக்கு, இது தாங்காதவங்க இருக்காங்கன்னு.

ஆனா நாம என்ன பண்றோம்? பெரிய வெள்ளிக்கு, சிலுவையில இயேசு பேசின ஏழு வார்த்த தியானம் முடிஞ்சதும் ஹால்ல ப்ரொஜெக்டர போட்டு, பாய விரிச்சு, பிள்ளைங்க எல்லாம் முன்னாடி வாங்கன்னு மைக்ல கூப்பிடுறோம். நாலு வருஷமா இந்த அழைப்ப என் காதால கேட்டுட்டு இருக்கேன். மூத்த ஐயா, பாஸ்டர் ஐயா, உங்க ரெண்டு பேர் முன்னாடியும் கைகூப்பி கேக்குறேன். 12 வயசுக்கு கீழ இருக்குற ஒரு பிள்ளைக்கும் இந்த படம் வேண்டாம். பெரியவங்க பாருங்க, பாத்துட்டு ஒரு மணி நேரம் உக்காந்து பேசுங்க, அழுறவங்கள தனியா வீட்டுக்கு அனுப்பாதீங்க. அந்த நேரத்துல பிள்ளைங்களுக்கு பக்கத்து ரூம்ல லூக்கா சுவிசேஷத்த நான் வாசிச்சு காட்டுறேன், வருஷா வருஷம், என் செலவுல ஜூஸும் பிஸ்கட்டும். சிலுவைய சுமந்துட்டு போகும்போது அவரே திரும்பி நின்னு, "நீங்கள் எனக்காக அழாமல், உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள்"னு சொன்னது அதுல தான் இருக்கு, லூக்கா 23:28.

மொழிய பத்தி மூணாவதா சொல்றேன்னு சொன்னேன், தலைவர் அண்ணாச்சி வாட்ச்ச பாக்குறாங்க, அடுத்து பாட்டு இருக்கு, அத இன்னொரு கூட்டத்துல பேசுவோம். கமிட்டிக்கு குடுக்க வேண்டிய மனு வாசல் பக்கத்து டேபிள்ல இருக்கு, பேனாவும் இருக்கு. போன வாரம் என் பையன் லீவுக்கு வந்தப்போ முதல் கையெழுத்த அவன் தான் போட்டுட்டு போயிருக்கான், அதுக்கு கீழ இடம் இருக்கு. ஸ்தோத்திரம், வணக்கம்.