எண்ணுக்கு ரத்தம் ஏற்றுகிறோமா, பிள்ளைக்கு ஏற்றுகிறோமா?

மாணவர்களே, ஆசிரியர்களே, வணக்கம். ரத்த நோய் ஆய்வில் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் யோசிக்கவே இல்லை. டேவிட் வெதரால்.

1933இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்தவர். மருத்துவம் முடித்த கொஞ்ச நாளில் கட்டாய ராணுவ சேவை. சிங்கப்பூருக்கு அனுப்பி, ராணுவ மருத்துவமனையின் குழந்தைகள் வார்டைக் கொடுத்தார்கள். அங்கே நேபாளத்துக் கூர்க்கா சிப்பாய் ஒருவரின் பெண் குழந்தை. ரத்தம் ஏற்றினால் தேறும், அப்புறம் மறுபடி வெளுக்கும். ஏன் என்று யாருக்கும் பிடிபடவில்லை.

வெதரால், ஃபிராங்க் வெல்லா என்ற உயிர்வேதியியலாளரிடம் போனார். வடிதாளையும் கார் பேட்டரியையும் வைத்து, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினைப் பிரித்துப் பார்த்தார்கள். மின்சாரத்தால் புரதங்களைப் பிரிக்கும் எலக்ட்ரோஃபோரசிஸ் கருவியில் நீங்கள் இன்று பொத்தானை அழுத்திச் செய்கிற அதே வேலைதான். தலசீமியா என்று தெரிந்தது, அதாவது ஹீமோகுளோபின் சரியாக உற்பத்தியாகாத பரம்பரை ரத்தசோகை. மத்தியதரைக்கடல் பக்கத்து நோய் என்று பலரும் நினைத்திருந்த நோய், இமயமலை அடிவாரத்துக் குடும்பத்தில்! 1960இல் கட்டுரை வெளிவந்தது. ராணுவ மேலிடம் பாராட்டியிருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? அனுமதி இல்லாமல் எப்படி வெளியிடலாம் என்று கண்டித்தது. மேலிடங்கள் எங்கும் ஒரே மாதிரிதான்.

அடுத்து அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம். இங்கேதான் நோயின் அடிமடியில் கைவைத்தார். ஹீமோகுளோபினில் நான்கு புரதச் சங்கிலிகள்: இரண்டு ஆல்ஃபா சங்கிலி, இரண்டு பீட்டா சங்கிலி. ஜான் கிளெக் என்ற வேதியியலாளரோடு சேர்ந்து, இளம் சிவப்பணுக்களுக்குக் கதிரியக்க அமினோ அமிலம் கொடுத்து, எந்தச் சங்கிலி எவ்வளவு புதிதாக உற்பத்தியாகிறது என்று அளந்தார். பீட்டா தலசீமியாவில் பீட்டா சங்கிலி குறைவு என்பதோடு விஷயம் நிற்கவில்லை. ஜோடி கிடைக்காத ஆல்ஃபா சங்கிலிகள் அணுவுக்குள்ளேயே கட்டிப்போய்ப் படிந்து, சிவப்பணு எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியே வரும் முன்பே அதைக் கொன்றுவிடுகின்றன. ஆக, பற்றாக்குறையைவிட மிச்சம்தான் ஆபத்து. இந்த ஒரு வரி புரிந்தால் தலசீமியாவில் பாதி புரிந்த மாதிரி.

1974இல், கருவிலேயே உயிரைப் பறிக்கும் ஆல்ஃபா தலசீமியாவில் ஆல்ஃபா சங்கிலிக்கான மரபணுவே காணாமல் போயிருப்பதைக் காட்டிய குழுக்களில் ஒன்றில் இவரும் இருந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் 1989இல் மூலக்கூறு மருத்துவ நிறுவனம் தொடங்கினார். இன்று அதற்கு அவர் பெயர்தான். சர் பட்டம், 2010இல் லாஸ்கர் விருது எல்லாம் வந்தன. அதை விடுங்கள்.

எனக்குப் பிடித்தது அவருடைய பிற்கால வேலை. ஆய்வகத்தில் இத்தனை உயரம் போனவர், வயதான காலத்தில் இலங்கையின் குருணாகலுக்கு வந்து, அந்த ஊர் மருத்துவர்களோடு சேர்ந்து நோயாளிகளைப் பார்த்தார். அங்கே பலருக்கு இருந்தது ஹீமோகுளோபின் ஈ பீட்டா தலசீமியா. ஒரு பக்கப் பெற்றோரிடமிருந்து ஈ என்ற மாறுபட்ட ஹீமோகுளோபினுக்கான மரபணு, மறுபக்கம் பீட்டா தலசீமியா மரபணு. ஒருவர் அடிக்கடி ரத்தம் ஏற்றாமல் தாக்குப்பிடிக்க மாட்டார். இன்னொருவர் கிட்டத்தட்ட எல்லோரையும் போல நடமாடுவார். அறிக்கையில் இருவருக்கும் ஹீமோகுளோபின் ஆறு, ஆறரை என்று ஒரே மாதிரி குறைந்த எண் வரலாம். எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் ரத்தப்பையைத் தொங்கவிடுவதுதான் வழக்கம். இந்தக் குழு சிலருக்கு ரத்தம் ஏற்றுவதைக் கவனமாக நிறுத்திப் பார்த்தது. பிள்ளை வளர்கிறதா, மண்ணீரல் எவ்வளவு வீங்குகிறது, எலும்பு எப்படி இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது. பலர் ஏற்றாமலே சமாளித்தார்கள். ஹீமோகுளோபின் ஈ உள்ள இவர்களின் ரத்தம், ஆக்சிஜனைத் திசுக்களுக்கு ஒப்பீட்டளவில் எளிதாக விட்டுக்கொடுக்கிறது என்பதும் ஒரு காரணம்.

இது சின்ன விஷயமில்லை. ஏற்றுகிற ஒவ்வொரு பையோடும் இரும்பு உள்ளே போகிறது. இதயத்திலும் கல்லீரலிலும் தேங்குகிறது. அதை வெளியேற்ற, தோலுக்கடியில் ஊசி செருகி இரவெல்லாம் மருந்து இறக்க வேண்டும். மாத்திரைகள் பின்னால் வந்தன, விலையும் கூடவே வந்தது. தேவையில்லாத ஒரு பிள்ளையை அந்த வழியில் தள்ளினால் திரும்ப இழுப்பது கஷ்டம்.

2018 டிசம்பரில் வெதரால் காலமானார். ஒரே மரபணுப் பிழை ஒரே வீட்டில் இரண்டு விதமாக நடந்துகொள்வதில், கருப்பருவ ஹீமோகுளோபின் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, ஆல்ஃபா மரபணு குறைந்திருக்கிறதா, மலேரியா வந்துபோனதா என்பவற்றுக்குப் பங்குண்டு என்று தெரிந்திருக்கிறது. முழுக் கணக்கு இன்னும் தீரவில்லை. உங்களில் யாராவது அதில் கைவைக்கலாம். சரி, இப்போது கேளுங்கள்.