பிரிக்பீல்ட்ஸில் எந்தச் சந்தில், எந்த மணிக்கு?

பெரியோர்களே, தாய்மார்களே, இளைஞர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கோலாலம்பூரில் உள்ள நம் பிரிக்பீல்ட்ஸ் பாதுகாப்பான இடமா என்று யாராவது கேட்டால் உடனே குற்ற விகிதத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார்கள். ஒரு லட்சம் பேருக்கு எத்தனை குற்றம் என்பதுதான் அந்தக் கணக்கு. கோட்டுக்கு மேலே புகார்கள், கீழே மக்கள்தொகை. நம் வட்டாரத்தில் இந்த இரண்டுமே சறுக்குகின்றன.

முதலில் கீழே உள்ள எண்ணைப் பார்ப்போம். 2001-இல் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் திறந்ததிலிருந்து, இங்கே குடியிருப்பவர்களைவிட வந்து போகிறவர்களே பல மடங்கு அதிகம். ஒரு பேச்சுக்கு, ஓரிடத்தில் 10,000 பேர் குடியிருக்கிறார்கள், ஆண்டுக்கு 100 திருட்டு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 1,000 ஆகிறது. அதே இடத்தில் பகலில் 1,00,000 பேர் நடமாடினால், அவர்களை வைத்துப் போட்ட கணக்கில் அது வெறும் 100. திருட்டு கூடவுமில்லை, குறையவுமில்லை. எண் மட்டும் பத்து மடங்கு மாறிவிட்டது.

மேலே உள்ள எண்ணுக்கு வருவோம். நம் போலீஸின் குறியீட்டுக் குற்றப் பட்டியலில், அதாவது விகிதத்துக்குக் கணக்கில் எடுக்கும் குற்றங்களில், கொலை, பாலியல் வல்லுறவு, கொள்ளை, காயம் விளைவித்தல் ஒரு பக்கம். வீடு உடைத்தல், வாகனத் திருட்டு, வழிப்பறி, மற்றத் திருட்டுகள் இன்னொரு பக்கம். போதைப்பொருளும் இணைய மோசடியும் இதில் சேராது. மோட்டார் சைக்கிள் காணாமல் போனால் காப்புறுதிக்கு ரிப்போர்ட் வேண்டும் என்பதால் பெரும்பாலும் புகார் கொடுத்துவிடுகிறோம். கைப்பேசி பறிபோனால், "எங்கே கிடைக்கப் போகிறது" என்று விட்டுவிடுகிறோம். அங்கேதான் நமக்கு நாமே கேடு செய்துகொள்கிறோம். ரோந்து எந்த வழியில், எந்த நேரத்தில் போக வேண்டும் என்பதற்குப் புகார்கள்தாம் ஆதாரம். புகார் இல்லாத சந்துக்கு ரோந்து ஏன் வரும்?

புகார் கொடுக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தப் போலீஸ் நிலையத்திலும் ரிப்போர்ட் செய்யலாம். "ஜாலான் ஸ்காட் பக்கம், ராத்திரி" என்று சொன்னால் போதாது. பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண், மணி, மோட்டாரின் நிறம், எத்தனை பேர், எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பதெல்லாம் வேண்டும். பதிவெண் பாதிதான் ஞாபகம் இருக்கிறதா, அந்தப் பாதியையே சொல்லுங்கள். ரிப்போர்ட் மலாயில் எழுதப்படும். படித்துப் பார்த்து, புரியாததைக் கேட்டுத் தெளிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். நகலும், விசாரணை அதிகாரியின் பெயரும் கையில் இருக்கட்டும். ஆணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்தால், நான்கு வாரம் கழித்து விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவில் உங்களுக்கு உண்டு. கேட்ட இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். இந்த உரிமையைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வழிப்பறிக்கு வருகிறேன். நம் நாட்டில் வாகனம் இடப்பக்கம் ஓடுகிறது. நீங்களும் இடது ஓரமாக நடந்தால் மோட்டார் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும். வலது தோளில் தொங்கும் பை அதில் வரும் திருடனின் கைக்கு நேராக இருக்கும். தடுப்புக் கம்பி போட்ட நடைபாதை இல்லாத இடத்தில் வலது ஓரமாக, வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். பை சுவர்ப் பக்கத் தோளில் இருக்கட்டும். கைப்பேசியில் அழைத்த கிராப் வாடகைக் காருக்காகச் சாலை விளிம்பில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். கடை வாசலுக்குள் நின்று பாருங்கள். பை வாரைக் குறுக்கே மாட்டுவதும், மணிக்கட்டில் சுற்றிக்கொள்வதும் நல்லதல்ல. பை போகாது, ஆள் இழுபட்டுப் போவார். பறிப்பில் உயிர் போனவர்கள் பலர் கீழே விழுந்து தலையில் அடிபட்டவர்கள்தாம். இழுத்தால் விட்டுவிடுங்கள், தாய்மார்களே. அடையாள அட்டைக்கு மாற்று உண்டு.

நடைபாதையைப் பற்றி இன்னொன்று. பார்வையற்றோர் சங்கம் இருக்கும் ஊர் இது. மேடு வைத்த மஞ்சள் கற்களைத் தடவித்தான் அவர்கள் நடக்கிறார்கள். அந்தக் கற்களின் மேல் மோட்டாரை நிறுத்தினால் அவர்கள் சாலையில்தான் இறங்க வேண்டும். இதுவும் பாதுகாப்புப் பிரச்சினைதான்.

வீட்டில் பலவீனமான இடம் முன்கதவல்ல, பின்சந்தைப் பார்த்த சமையலறை ஜன்னல். பழைய வீடுகளிலும் பிளாட்டுகளிலும் இருக்கும் நாக்கோ கண்ணாடியை, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடிப் பட்டைகளை, மெல்லிய அலுமினியப் பிடிகள்தாம் தாங்குகின்றன. பிடியை நெம்பினால் கண்ணாடி சத்தமில்லாமல் வழுக்கி வெளியே வந்துவிடும். நாலைந்து கண்ணாடி எடுத்தால் ஆள் நுழையலாம். பிடிகளைப் பசை போட்டு இறுக்கினால் எடுக்க நேரமாகும்; உள்ளே சுவரில் பதித்த கிரில் இருந்தால் நுழையவே முடியாது. ஆனால் தீப்பிடித்தால் தப்புவதற்கு ஒரு கிரிலாவது உள்ளிருந்து திறக்க வேண்டும். அதன் சாவி வீட்டார் இருட்டிலும் தடவி எடுக்கும் இடத்தில், ஜன்னலிலிருந்து கை எட்டாத தூரத்தில் தொங்கட்டும். கேட்டின் வெளிப்பக்கம் தொங்கும் பூட்டு, வீட்டில் ஆளில்லை என்று தெருவுக்கே சொல்லிக் கொடுக்கிறது. தைப்பூசத்துக்கோ தீபாவளிக்கோ வெளியூர் போகும் குடும்பங்கள் முன்கூட்டியே நிலையத்தில் அதற்கான படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம்.

கேமரா வாங்கும் பலர் அதை உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். பதிவானதோ ஹெல்மெட்டின் உச்சி மட்டும்! ஆள் முகத்தைப் பார்க்கும் கோணத்தில் மாட்டுங்கள். கருவியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். பழைய பதிவுகள் சில நாட்களில் தாமாக அழிந்துவிடும் என்பதால், சம்பவம் நடந்த அன்றே பிரதி எடுத்துவிடுங்கள்.

ருக்குன் தெத்தாங்கா என்னும் அக்கம்பக்கக் காவல் அமைப்பு 1975-இலிருந்து நம் நாட்டில் உண்டு. 2012-இல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. ரோந்து போகும் தொண்டர்களின் வேலை பார்ப்பது, குறிப்பது, 999-ஐ அழைப்பது. துரத்திப் பிடிப்பது அவர்கள் வேலையல்ல.

இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு வேலையைச் சொல்கிறேன். இரவு எட்டரை மணிக்கு நான்கு பேர் சேர்ந்து உங்கள் சந்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடங்கள். ஒருவர் பத்துப் பதினைந்து மீட்டர் முன்னால் போய்த் திரும்பி நிற்கட்டும். முகம் தெரியவில்லை என்றால் அங்கே வெளிச்சம் போதாது. விளக்கு எரியவில்லையா, எரிந்தும் மரக்கிளை மறைக்கிறதா என்று பிரித்து எழுதுங்கள். விளக்கு மாற்றுகிறவர்கள் வேறு, கிளை வெட்டுகிறவர்கள் வேறு. கம்ப எண்ணுடன் படம் எடுத்து, கோலாலம்பூர் மாநகராட்சியான டிபிகேஎல்லுக்கு அனுப்பி, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு வாரம் கழித்து, அதே மணிக்கு, அதே கம்பத்தடியில் போய் நின்று பாருங்கள்.